உள்ளாடையும் உள்ளத்து வெட்கமும்

மறைவில் அணியப்படும் ஒன்றைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது தகுமா என்று வாசக அன்பர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். மதரஸாவில் ஃபிக்ஹுக் கிதாபுகளை ஓதிக்கொடுக்கையில், தூய்மை, தொழுகை, இஹ்ராம் ஆகிய பாடங்களில் உடலைப் பற்றியும் உடையைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசுகின்ற நாம், வீட்டு வாயிலை மிதித்ததும் அந்தப் பேச்சைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுவது வழக்கம். அவ்வழக்கத்தைப் பற்றி நம்மை மறுபடியும் சிந்திக்க வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன், அடைமழைக் காலமொன்றில், நம் வீட்டிலேயே வளர்ந்து வரும் தமக்கை மகளுக்குத் தோலில் படை கண்டது. மாதக் கணக்கில் அவள் அதை எவரிடமும் சொல்லவில்லை. அரிப்புத் தாளாமல் இரவில் அழுவதைக் கண்ட பின்னரே நம் வீட்டார் அவளைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அந்த அம்மையார் மருந்து எழுதுவதற்கு முன், துணிகளை எங்கே உலர்த்துகிறீர்கள் என்றுதான் கேட்டாராம். எங்கே உலர்த்துகிறோம்? அடுக்களைக்குப் பின்னால், வெயில் எட்டாத மூலையில், ஒரு கொடியில், அதுவும் ஈரத் துவாலைக்கு அடியில் மறைத்து! அரை ஈரமாகவே எடுத்து அணிவதும் உண்டு. மாடியில் இடமிருக்க, அங்கே ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை சொன்ன மறுமொழி இதுதான்: "மாமா பார்த்து விடுவார்களே!"

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. பெண்களின் துணி கண்ணில் படாத வீடு என்று நாம் உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தோம். அப்பெருமைக்கு விலை கொடுத்தது ஒரு குழந்தையின் உடல். அப்படியானால் அவளை மூடியிருந்தது வெட்கமா, அன்றி வேறொன்றா? மார்க்கம் ஈமானின் கிளையெனப் போற்றும் ஹயா, ஒருவரை நோயில் வாட விடுமா? இவ்வினாவுக்கு விடை தேடியபோதுதான் உள்ளாடையின் வரலாறு நம் கண்ணில் பட்டது. மனிதன் அணிபவற்றுள் பிறர் பார்வைக்கு மிகவும் தொலைவானது அது. ஆயினும் பிறருடைய ஆணை மிக ஆழமாகப் பதிந்திருப்பதும் அதன்மீதே என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

முதலில், எது உள்ளாடை? 1991ஆம் ஆண்டு ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டிக்குள் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் அணிந்திருந்தவற்றுள் செம்மறியாட்டுத் தோலைக் கீற்றுகளாக்கித் தைத்த கோவணமும் ஒன்று. 1922இல் எகிப்தில் திறக்கப்பட்ட தூத்தங்காமுன் மன்னனின் கல்லறையில், பொன்னுக்கும் மணிக்கும் இடையே, மெல்லிய சணல்நூல் துணியாலான கோவணங்கள் சுமார் 145 மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த மன்னனின் வயலில் உழுதவனும் அதே முக்கோணத் துணியைத்தான் கட்டியிருந்தான். வேறுபாடு என்னவெனில், மன்னனுக்கு அதன்மேல் வேறோர் ஆடை இருந்தது. உழவனுக்கு அதுவே ஆடை. ஆக, உள்ளாடை என்பது துணியின் வடிவத்தில் பிறக்கவில்லை. அதன்மேல் இன்னொன்றை அணியும் வசதி வந்தபோது பிறந்தது. உள்ளே, வெளியே என்ற கோட்டை வரைந்தது உடலன்று, சமுதாயம்.

அந்தக் கோடு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாம் சட்டைக்குள் அணியும் பனியனையே எடுத்துக்கொள்வோம். குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் அது. போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலேயரிடம் சென்று, அவர்கள் வீட்டிலிருக்கும்போது அணிந்த தளர்ந்த மேலங்கிக்குப் பெயராகி, பின்னர் உள்சட்டைக்குப் பெயராயிற்று. மேலாடையாக இருந்தது உள்ளே போயிற்று. அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்கு உள்ளே அணிந்த பருத்திச் சட்டையோ வெளியே வந்து, இன்று உலகத்து இளைஞரெல்லாம் வீதியில் அணியும் டீ-ஷர்ட்டாகிவிட்டது. தாத்தா காலத்தில் மறைக்க வேண்டியதாயிருந்தது பேரன் காலத்தில் காட்டக் கூடியதாகிறது.

இனி, இந்த வரலாற்றில் நம் பாடக் கிதாபுகளோடு தொடர்புடைய ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். 'சராவீல்' என்ற சொல்லை நஹ்வு ஓதிய மாணவர் அனைவரும் அறிவர். ஒருமைப் பொருளும் பன்மை வடிவமும் கொண்டு, தன்வீன் ஏற்காமல் நிற்கும் அச்சொல்லைப் பற்றி இலக்கண மேதை சீபவைஹி, அது அரபிக்குள் புகுந்த அஜமிச் சொல் என்று விளக்கியிருக்கிறார். பாரசீகத்தின் 'ஷல்வார்' அது. குதிரையேறும் மக்களிடையே தோன்றிய இரு கால் உடை பாரசீகத்திலிருந்து அரபு நாடு, துருக்கி, இந்தியா எங்கும் பரவிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபியரிடையே இஸாரும் மேற்போர்வையுமே பெருவழக்கு. எனினும் சிர்வாலும் அறியப்பட்டிருந்தது. இஹ்ராம் அணிந்த ஆண் சிர்வால் அணியலாகாது என்றும், இஸார் கிடைக்காதவன் மட்டும் அணியலாம் என்றும் வரும் ஹதீஸே அதற்குச் சான்று. கீழ்த்திசை நாடுகளில் நாளடைவில் ஆண், பெண் இருபாலாரின் நாணத்தையும் காக்கும் உடையாக அது நிலைத்தது.

இதே உடையை ஐரோப்பா எவ்வாறு கண்டது தெரியுமா? நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஹொனோரியஸ் பேரரசரின் காலத்தில், ரோம் நகருக்குள் கால்சட்டை அணியக் கூடாதென்று சட்டமே இயற்றப்பட்டது. அது நாகரிகமற்ற அந்நியர் உடையாம்! பிற்காலத்தில் ஆண்கள் அதை ஏற்றுக்கொண்டனர். ஏற்றுக்கொண்டதோடு, அதை ஆணின் அதிகாரச் சின்னமாகவும் ஆக்கிக்கொண்டனர். ஆகவே பெண் இரு கால் உடை அணிவது, உள்ளே மறைவாக அணிவதாயினும், வரம்பு மீறிய செயலாகக் கருதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவு வரையில் ஐரோப்பியப் பெண்களுள் பெரும்பாலோர் பாவாடைகளுக்குக் கீழே அணிந்தது 'ஷெமீஸ்' என்னும் நீண்ட உள்ளங்கி ஒன்றே. நம் 'கமீஸ்' என்ற சொல்லுக்கு உறவான சொல் அது. கீழ்த்திசையில் எந்த உடையை அணியாதவள் வெட்கமற்றவள் எனப்பட்டாளோ, மேல்திசையில் அதே உடையை அணிந்தவள் வெட்கமற்றவள் எனப்பட்டாள்.

இவ்விரு உலகங்களும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு காட்சி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1717ஆம் ஆண்டு, உதுமானியப் பேரரசுக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலத் தூதுவரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு என்னும் சீமாட்டி, இஸ்தான்புல் செல்லும் வழியில் சோஃபியா நகரத்துப் பெண்கள் குளிக்கும் ஹம்மாமுக்குச் சென்றார். அங்கிருந்த பெண்கள் அன்போடு வரவேற்று, அவரையும் உடை களையுமாறு வற்புறுத்தினர். அவர் மேலங்கியைத் திறந்து, உள்ளே மார்பையும் இடையையும் இறுக்கியிருந்த கார்செட் என்னும் கச்சைக் காட்டினார். பார்த்த பெண்கள் திகைத்தனர். இவளுடைய கணவன் இவளை ஒரு பொறிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான், அதைத் திறக்கும் உரிமைகூட இவளுக்கு இல்லை என்று அவர்கள் எண்ணிக்கொண்டதாக அச்சீமாட்டியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் இறந்த மறு ஆண்டு, 1763இல், அக்கடிதங்கள் அச்சேறின. துருக்கிப் பெண்களின் சல்வாரைத் தாமும் அணிந்து பார்த்து, ஆங்கிலப் பாவாடையைவிட அது கால்களை மேலான முறையில் மறைக்கிறது என்றும் அவர் பாராட்டியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, ஐரோப்பாவே கூண்டு, நாமே சுதந்திரர் என்று மார்தட்டிக்கொள்வது எளிது. அது நம் நோக்கமன்று. அந்தத் துருக்கிப் பெண்கள் மற்றவளின் கூண்டை ஒரு நொடியில் கண்டுகொண்டனர். அவளுக்கோ அது கூண்டாகவே தோன்றவில்லை. சிறு வயது முதல் அணிந்து பழகிய உடை அது. நம் வீட்டின் இருண்ட மூலைக்கொடி நமக்கு எப்படி ஒழுக்கமாகத் தோன்றியதோ, அப்படித்தான் அவளுக்கு அந்தக் கச்சும் தோன்றியது. பிறர் கூண்டைக் காண்பதற்குக் கண் போதும். நம் கூண்டைக் காண்பதற்கு வேறொருவர் வந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கச்சின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திமிங்கலத்தின் வாயில் சீப்புப் போல் வளரும் தகடுகளைக் கீறி எடுத்து, துணிக்குள் செருகி, முதுகுப்புறம் கயிற்றால் இழுத்துக் கட்டுவது அதன் அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகும் சேர்ந்தது. கயிறு செல்லும் துளைகளுக்கு உலோக வளையம் பொருத்தும் முறை வந்ததும் முன்னினும் இறுக்கிக் கட்ட முடிந்தது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் சோம்மெரிங் 1788லேயே இதன் தீங்குகளை எழுதி எச்சரித்தார். எனினும் சமுதாயம் செவிசாய்க்கவில்லை. காரணம், கச்சு வெறும் அழகுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. ஒழுக்கத்தின் சின்னமாகவும் இருந்தது. நிமிர்ந்த முதுகு நல்ல குடிப்பிறப்புக்கு அடையாளம். கச்சைத் தளர்த்தியவள் நடத்தையிலும் தளர்ந்தவள். இருதரப்பும் கேட்பதே நீதியாதலின் இதையும் சொல்லிவிடுகிறோம்: விலா எலும்பையே அகற்றிக்கொண்டார்கள் என்பன போன்ற கதைகளுக்கு நம்பத்தக்க சான்று இல்லை, எல்லாப் பெண்களும் மூச்சு முட்ட இறுக்கிக் கொள்ளவுமில்லை, உழைக்கும் பெண்களுள் பலர் முதுகுக்குத் தாங்கலாகவும் அதைக் கட்டினர். ஆயினும் அதை அணியாதிருக்கும் உரிமை எத்தனை பேருக்கு இருந்தது என்பதே கேள்வி.

மாற்றம் எப்போது வந்தது? அறிவுரையால் வந்ததைவிட வாழ்க்கைத் தேவையால் வந்ததே மிகுதி. 1851இல் அமெரிக்காவில் அமீலியா புளூமர் என்னும் பெண்மணி துருக்கிச் சல்வாரைப் பார்த்து அமைந்த தளர்ந்த கால்சட்டையைக் குட்டைப் பாவாடையோடு அணிந்து, அதைத் தம் இதழில் ஆதரித்தும் எழுதினார். வீதியில் சிறுவர்கள் கேலி செய்தனர். பத்திரிகைகள் பரிகாசப் படம் போட்டன. சில ஆண்டுகளில் அவரே அதைக் கைவிட நேர்ந்தது. ஆனால் 1856 வாக்கில் எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் என்னும் கூண்டுப் பாவாடை நாகரிகமாக வந்தபோது, காற்றடித்தால் அது ஒருபுறம் தூக்கிக்கொண்டது. முன்பு பெண்ணுக்கு அடாதது எனப்பட்ட உள்கால்சட்டை, இப்போது அணிந்தே தீரவேண்டியதாயிற்று! நேற்றைய வெட்கக்கேடு இன்றைய வெட்கமாக மாறுவதற்கு ஒரு பாவாடையின் வடிவம் போதுமாக இருந்தது.

1881இல் இலண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் ஒன்று அமைந்தது. பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 ராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 3 கிலோவுக்கு, மேற்படக் கூடாது என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. சீர்திருத்தம் கேட்பவர்களே 3 கிலோ வரை ஒப்புக்கொண்டார்கள் என்றால், அக்காலத்துப் பெண் சுமந்தது எவ்வளவு என்று ஊகித்துக் கொள்ளலாம். 1914இல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் இளம்பெண், இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்துத் தாம் அமைத்த மார்க்கச்சைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, பெண்கள் ஆலைகளுக்குள் வந்தனர். இயந்திரத்தின் முன் குனிந்து நிமிர வேண்டியவளுக்கு எஃகுக் கச்சு ஒவ்வவில்லை. நூற்றாண்டுகளாக மருத்துவர் சொல்லியும் கழலாத கச்சு, வேலை வந்ததும் கழலத் தொடங்கிற்று.

இதுவரை கண்டது, மூட வேண்டும், இறுக்க வேண்டும் என்று சமுதாயம் இட்ட ஆணை. மூடக் கூடாது என்று ஆணையிட்ட சமுதாயமும் உண்டு. அதைக் காண நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. அங்கே நாடார் முதலிய குலங்களின் பெண்கள் உயர்சாதியார் முன் மார்பை மறைக்கும் மேலாடை அணியலாகாது என்பது வழக்கம். கிறிஸ்தவரான நாடார் பெண்கள் மேல்துணி அணியத் தொடங்கியபோது கலகங்கள் மூண்டன. 1829இல் அரசு வெளியிட்ட பிரகடனம் அவர்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, மேல்துணியை மறுத்தது. ஆம், நம் பாட்டிமார் அணிந்திருந்த அதே குப்பாயந்தான். மீண்டும் பெருங்கலவரம் நடந்து, சென்னை ஆளுநர் டிரெவெல்யனும் வற்புறுத்திய பின்னர், 1859 ஜூலை 26இல் நாடார் பெண்கள் அனைவரும் உடலை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. அப்போதுங்கூட, உயர்சாதிப் பெண்களைப் போன்ற முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை விடவில்லை!

இலண்டன் சீமாட்டிக்கு எஃகுக் கச்சு. கல்குளத்துப் பெண்ணுக்குத் திறந்த மார்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிர். உற்று நோக்கினால் ஒன்றே. இரண்டிலும் உடலுக்கு உரியவளிடம் எவரும் கேட்கவில்லை. இரண்டும் ஒழுக்கத்தின் பெயரால் நடந்தன. இரண்டிலும் காக்கப்பட்டது அவளுடைய மானமன்று, பிறருடைய அந்தஸ்து.

இவ்விடத்தில்தான் நம் வினாவுக்கு விடை புலப்படுகிறது. அரபியில் 'ஹயா' என்ற சொல்லும் வாழ்வைக் குறிக்கும் 'ஹயாத்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உள்ளம் உயிரோடிருப்பதன் அடையாளமே வெட்கம் என்று பெரியோர் விளக்குவர். 'கஜல்' என்பது வேறு. அது பிறர் முன் கூனிக் குறுகும் கூச்சம். வெட்கம் இறைவனையும் தன் மனச்சாட்சியையும் நோக்கி நிற்பது. எவரும் காணாத இடத்திலும் இருப்பது. கூச்சமோ பிறர் கண்ணை நோக்கி நிற்பது. அக்கண் மாறினால் அதுவும் மாறும். ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உடை பற்றி மாறி வந்ததாக நாம் கண்டவற்றுள் பெரும்பகுதி இந்தக் கூச்சத்தின் வரலாறே.

ஷரீஅத் இவ்விரண்டையும் குழப்பவில்லை. மறைக்க வேண்டிய எல்லையை வகுத்தது. துணியின் வடிவத்தைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டு வழக்கத்திற்கு விட்டது. ஆடையை அருளியதாகக் கூறும் அல் அஃராஃப் அத்தியாயத்தின் வசனம், இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று சேர்த்துச் சொல்வதையும், தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இருப்பதையும் நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். மார்க்க விளக்கம் கேட்பதற்கு வெட்கம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததையும் சொல்லி வருகிறோம். அந்தப் பெண்கள் தம் உடலைப் பற்றிய ஐயங்களை நபிகள் நாயகத்தின் அவையிலேயே கேட்டுத் தெளிந்தவர்கள். நம் வீட்டுப் பிள்ளையோ தன் உடலில் கண்ட நோயைத் தன் தாயிடம் சொல்லவும் அஞ்சினாள். பாடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்திருந்த பிழை அவளுடையதன்று, நம்முடையது.

அப்படியானால் மறைவே வேண்டாமா, உள்ளாடையைத் தெருவில் தொங்கவிடுவதா என்று கேட்பார் உண்டு. வேண்டியதில்லை. மறைவு மனிதனுக்கு ஒரு பேறு. அதைப் பறித்த கொடுமையைத்தான் திருவிதாங்கூரில் கண்டோம். இன்றைய வணிக உலகமும் அதைப் பறிக்கவே செய்கிறது. 1958இல் ஸ்பாண்டெக்ஸ் என்னும் இழுபடும் நூலிழை கண்டுபிடிக்கப்பட்ட பின் எஃகு போயிற்று. ஆனால் விளம்பரப் பலகையில் நிற்கும் உருவத்திற்கு ஏற்ப உடலை இறுக்கிக் காட்டும் ஆடைகள் இன்றும் விற்கின்றன. கயிற்றை இழுக்கும் கைதான் மாறியிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது மறைவை ஒழிக்கும்படி அன்று. ஒரு வழக்கத்தை வெட்கம் என்று அழைக்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வோம்: இது எவரைக் காக்கிறது? எவருக்குத் தீங்கு செய்கிறது? தீங்குக்கு ஆளாகும் நபர் அதைச் சொல்ல நம் வீட்டில் இடமிருக்கிறதா?

ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண், மீக்காத்தில் தைத்த உடை அனைத்தையும், உள்ளாடை உட்பட, களைந்துவிட்டு இரு துண்டுத் துணிகளோடு நிற்கிறான். எகிப்திய மன்னனையும் உழவனையும் வேறுபடுத்திய அந்த மேலாடை அங்கே இல்லை. சமுதாயம் உடலின் மீது எழுதியவற்றை அழித்துவிட்டு, மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து நிற்கும் நிலை அது. அந்நிலையில் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே வெட்கம் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

நம் வீட்டு மாடியில் இப்போது இரண்டாவது கொடி ஒன்று கட்டியிருக்கிறது. அண்டை வீட்டார் பார்வை படாதவாறு ஆளுயரத்திற்குக் கீற்றுத் தட்டி வைத்திருக்கிறோம். மேலே வானம் திறந்திருப்பதால் உச்சி வெயில் நேரே இறங்குகிறது. பிள்ளைக்குப் படை நீங்கிவிட்டது. துவாலையால் மூடாமல் அவளே துணிகளை உலர்த்துகிறாள். மாடிப்படியில் கால் வைக்குமுன் உரக்க ஸலாம் சொல்லி, மறுமொழி வந்த பின்னரே ஏறுவது நம் பங்கு. அந்த வெட்கத்தை ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டோம்.